வேலை கேட்கும் முன் வழி கேளுங்கள்: சமூக வலைத்தளத்தில் கல்லூரி மாணவர்கள் செய்யும் தவறுகள்

கடைசி ஆண்டு தொடங்கி பிளேஸ்மென்ட் செல்லில் இருந்து முதல் மெயில் வந்ததும், வகுப்பில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் லிங்க்ட்இன் கணக்குத் தொடங்குவார்கள். கோட் போட்ட ஒரு போட்டோ, பெயருக்குக் கீழே 'ஆஸ்பைரிங் சாஃப்ட்வேர் இன்ஜினியர்', பக்கத்து பெஞ்சுக்காரருக்கு ஒரு கனெக்‌ஷன் கோரிக்கை. அத்தோடு நெட்வொர்க்கிங் முடிந்தது. சில மாதம் போனதும், "அதெல்லாம் வேஸ்ட், யாருமே ரிப்ளை பண்றதில்ல" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பதில் வராததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசி நேரத்தில், முன்பின் தெரியாதவரிடம் போய் நேராக வேலையைக் கேட்டால் யார்தான் என்ன சொல்ல முடியும்? எந்த வேலை நமக்குச் சரிப்படும், அங்கே போக என்ன வழி என்று விசாரிக்கத்தான் அந்தத் தளம் நன்றாக உதவும். அதை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இந்த விசாரிப்பு நம் ஊரில் வழக்கமாகச் சொந்தக்காரர்கள் மூலம் நடப்பது. வங்கியில் இருக்கும் சித்தப்பா, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் மாமா பையன், "சி.ஏ.வுக்குப் போகாதே, உனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பெரியம்மா. வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு அப்படி யாரும் கிடையாது. அவருக்குத்தான் இந்தத் தளங்கள் அதிகம் தேவை. அவர்தான் இவற்றை வெறும் ரெஸ்யூமே ஒட்டும் பலகையாக வைத்திருக்கிறார்.

ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

ஓ.எம்.ஆர். ஐ.டி. பார்க்கில் எடுத்த 'என் ஒரு நாள்' ரீல்ஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காலையில் காபி மெஷின், கழுத்தில் ஐ.டி. கார்டு, சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். நடுவில் எட்டு மணி நேரம் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது வீடியோவில் இருக்காது. கம்பெனி விஷயம், காட்டவும் முடியாது. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது அந்த எட்டு மணி நேரத்தைத்தான்.

கல்லூரி வாசலில் தொங்கும் பிளெக்ஸும் இதே கதைதான். 'ஹையஸ்ட் பேக்கேஜ்' என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் ஒரே ஒரு மாணவரின் சிரித்த முகம். மற்ற நூற்றுக்கணக்கான பேருக்கு என்ன ஆனது? அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். அந்த பி.டி.எஃப்.பைத் தேடித் திறந்து பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் என்ன என்று ஒரு அட்டவணை இருக்கும். மீடியன் என்றால், எல்லாரையும் சம்பள வரிசைப்படி நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. கல்லூரியே எழுதிக் கொடுத்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம். அப்படியும் பிளெக்ஸுக்கு இது எவ்வளவோ மேல்.

அரசு வேலைக்குத் தயாராகிறவர்கள் யூடியூபில் பார்ப்பது முதலிடம் பிடித்தவர்களின் பேட்டியை. 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். எழுதவே கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. எத்தனை முறை எழுதுவது, எந்த வயதில் நிறுத்திக்கொள்வது, நடுவில் சாப்பாட்டுக்கு என்ன வேலை பார்ப்பது என்பதெல்லாம் ஜெயித்தவரின் பேட்டியில் வராது. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனவரிடம் கேட்டால்தான் வரும். அந்த ஆளுக்கு யூடியூப் சேனல் இருக்காது, நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இன்னொன்று, யோசனை சொல்பவர் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர் என்று பாருங்கள். 2021, 2022இல் ஐ.டி. கம்பெனிகள் அள்ளி அள்ளி ஆள் எடுத்தன. அடுத்த ஆண்டே ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாயினிங் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2021 பேட்ச் சீனியர் "ஈஸிதான் தம்பி" என்று சொல்வது பொய் இல்லை, அவர் காலத்துக்கு அது உண்மை.

பக்கத்திலேயே இருப்பதைத் திறக்காமல் விடுவது

லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் 'அலும்னி' என்று ஒரு பகுதி இருக்கும். முன்னாள் மாணவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த கம்பெனியில், என்ன மாதிரி வேலையில், என்ன படித்தவர்கள் என்று பிரித்துக் காட்டும். கணக்கு வைத்திருக்கும் மாணவர்களிலேயே நிறையப் பேர் இதைத் திறந்து பார்த்ததில்லை.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். "கெமிஸ்ட்ரி படிச்சா பி.எட். முடிச்சு டீச்சர் ஆகலாம்" என்பதுதான் வீட்டில் அவருக்குச் சொல்லியிருப்பது. அலும்னி பகுதியில் தன் துறையைப் போட்டுத் தேடினால் ஆசிரியர்கள் வருவார்கள், அப்புறம் மருந்து கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருப்பவர்கள், மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) பக்கம் போனவர்கள், பெயின்ட் கம்பெனி விற்பனையில் இருப்பவர்கள் என்று பட்டியல் விரியும். பாதிப் பேர் வேதியியலுக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பட்டியலோடு நிற்காமல் ஐந்தாறு பேரின் பக்கத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கடைசியாக இருக்கும் வேலையைப் பார்த்து வாயைப் பிளப்பதைவிட முதல் வேலை என்ன என்று பார்ப்பது முக்கியம். படிப்பு முடிந்து எத்தனை மாதம் கழித்து அது கிடைத்தது? நடுவில் எம்.எஸ்சி. போனாரா, எங்கே திசை மாறினார்? குவாலிட்டி கன்ட்ரோலில் இருப்பவர்கள் பலரின் பக்கத்திலும் எச்.பி.எல்.சி. என்ற கருவியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று வையுங்கள். மறுநாள் காலை லேப் பொறுப்பாளரிடம், "நம்ம டிபார்ட்மென்ட்ல எச்.பி.எல்.சி. இருக்கா சார், இல்லன்னா எங்க கத்துக்கலாம்?" என்று கேட்கலாம். மெடிக்கல் கோடிங்காரர்கள் பெயருக்குப் பின்னால் சி.பி.சி. என்று போட்டிருந்தால் அது எந்தச் சான்றிதழ், வேலைக்குச் சேரும் முன்பே வேண்டுமா, சேர்ந்தபின் எழுதலாமா என்று விசாரிக்கலாம். பொத்தாம்பொதுவாக 'ஸ்கில் வளர்த்துக்கோ' என்று சொல்வதில் இந்தத் தெளிவு கிடைக்காது.

"எனி ஜாப் சார்?"

"ஹாய் சார், ஐ ஆம் ஃபைனல் இயர் ஸ்டூடன்ட். ப்ளீஸ் ரெஃபர் மீ ஃபார் எனி ஜாப்." ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் யாருக்கும் இப்படி வரும் மெசேஜ்களுக்குக் கணக்கே இருக்காது. இதற்குப் பதில் போடாதது திமிர் என்று நினைக்கிறார்கள். ரெஃபரல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். ஊழியர் கம்பெனியின் உள் போர்ட்டலில் நுழைந்து, காலியாக இருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ரெஸ்யூமேவை ஏற்ற வேண்டும். பல இடங்களில் 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வியும் இருக்கும். 'எனி ஜாப்' என்பதை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கட்டத்தை நிரப்புவார்? ரெஃபரல்தான் வேண்டும் என்றால் கம்பெனியின் கரியர்ஸ் பக்கத்தில் தேடி, வேலை எண், ரெஸ்யூமே, அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரி, எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வழி கேட்கும் மெசேஜ் வேறு மாதிரி இருக்கும். அதே வேதியியல் மாணவி, மருந்துகளுக்கு அரசு அனுமதி வாங்கும் 'ரெகுலேட்டரி' வேலையில் இருக்கும் ஒரு சீனியருக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. நான் நம்ம காலேஜில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்து ரெகுலேட்டரி பக்கம் போனதைப் பார்த்தேன். அதற்கு எம்.எஸ்சி. தேவைப்பட்டதா, வேலையில் இருந்துகொண்டே மாற முடிந்ததா? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி போட்டால் போதும்."

கேட்டது ஒரே கேள்வி, அதற்கு போனிலேயே பதில் தட்டிவிடலாம். சீனியரின் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மாணவி எழுதியிருக்கிறார் என்பதும் தெரிகிறது. இதற்கும் பதில் வராமல் போகலாம். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போதும், அதற்கு மேல் வேண்டாம். தினமும் 'சார்??' என்று அனுப்புவதும், எங்கிருந்தோ நம்பரைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதும் கதவை ஒரேயடியாக மூடிவிடும்.

பேச ஒத்துக்கொண்டால், "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா போகுது" என்றுதான் வரும். "நேத்து ஆபீஸ்ல காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். "உங்ககூடச் சேர்ந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கு வரும் பதிலில், அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

வகுப்பு நண்பர்களோடு நின்றுவிடுவது

கனெக்‌ஷன் ஐந்நூறைத் தாண்டியிருக்கும். எல்லாம் ஒரே கல்லூரி, ஒரே பேட்ச். உங்களுக்குத் தெரிந்த ஆஃப்-கேம்பஸ் (கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஆள்தேர்வு) தகவல்தான் அவர்களுக்கும் தெரியும், அதே டெலிகிராம் குரூப்பில் இருந்து வந்ததுதான். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியதுதான். பாஸ்டன் பக்கத்தில் ஒரு ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பேன் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு அது எப்போதாவது பார்க்கிற ஆள், அல்லது பார்த்தே பல நாள் ஆன ஆள். லிங்க்ட்இன்னிலேயே 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ரொம்ப நெருங்கியவரும் இல்லாமல், முற்றிலும் அந்நியரும் இல்லாமல், ஓரளவு பழக்கமானவர்களால்தான் வேலை மாற்றத்துக்கு அதிக உதவி. நமக்கு அப்படிப்பட்டவர்கள் யார்? இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து சீட்டில் இருந்தவர், சிம்போசியத்துக்கு வந்து பேசிய முன்னாள் மாணவர், என்.எஸ்.எஸ். கேம்ப்பில் பழகிய வேறு கல்லூரிக்காரர். அவர்களை அன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து கோரிக்கை அனுப்பினால், யார் என்றே தெரியாமல் முழிப்பார்கள்.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடலாம். மூன்று மணி நேர ஆன்லைன் கோர்ஸை முடித்ததற்கெல்லாம் 'த்ரில்ட் டு அனௌன்ஸ்' போட வேண்டாம், வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைப் படிப்பதில்லை. நீங்களே செய்த ஒரு சின்ன புராஜெக்ட்டை, எங்கே சிக்கியது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று நான்கு வரியில் எழுதினால் அதைப் படிப்பார்கள்.

'இன்ட்ரஸ்டட்' என்று நம்பர் போடுவது

வேலை அறிவிப்பு ஒன்றின் கீழே நூற்றுக்கணக்கில் 'இன்ட்ரஸ்டட் சார்' கமென்ட்கள், பலவற்றில் போன் நம்பரும் மெயில் ஐ.டி.யும். மோசடிக்காரருக்கு இதைவிட வசதியான பட்டியல் கிடைக்காது. இரண்டு நாளில் எச்.ஆர். என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கூப்பிடுவார். வாட்ஸ்அப்பிலேயே இன்டர்வியூ, லோகோ போட்ட ஆஃபர் லெட்டர், அப்புறம் லேப்டாப்புக்கு 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என்று சில ஆயிரம். ஒழுங்கான எந்த கம்பெனியும் வேலை தரப் பணம் வாங்காது. மெயில் வந்த முகவரி கம்பெனியின் சொந்த டொமைன்தானா, அதே வேலை அவர்களின் கரியர்ஸ் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

வெளிநாட்டு வேலை என்றால் ஆபத்து பணத்தோடு நிற்காது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைத்தள விளம்பரங்கள் மூலம் இழுக்கப்பட்டு, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. குறி வைக்கப்பட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை, ஐ.டி. தெரிந்த பட்டதாரிகள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால் முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் திட்டுவார்களே என்று ஒரு ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் கொடுத்த யு.பி.ஐ. ஐ.டி., சாட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு அத்தனையும் வேண்டும்.