ஏலத்தில் ஏறும் விலை: பழைய பைக் பாகங்களை நிதானமாக வாங்குவது எப்படி?

பழைய பைக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கான பதிவு இது. தேடிய பாகம் ஒருநாள் ஆன்லைன் ஏலத்துக்கு வந்துவிடும். விலையைப் பார்த்தால்தான் மனசு கனத்துப்போகும். ஆனால் எல்லாப் பாகங்களுக்கும் விலை ஒரே மாதிரி ஏறுவதில்லை. எதற்கு ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால், தேவையில்லாமல் கொட்டும் காசில் பெரும்பகுதி மிச்சமாகும்.

படி 1: பாகத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரை மட்டும் வைத்துத் தேடினால், உங்களைப் போலவே தேடும் எல்லோரும் வந்து சேரும் ஏலத்துக்குத்தான் நீங்களும் போவீர்கள். உங்கள் மாடலின் பார்ட்ஸ் புத்தகத்தை எடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டாவில் எண் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள மூன்று இலக்கம் எந்த மாடலுக்காக முதலில் செய்தார்கள் என்பதைச் சொல்லும். 1969-ல் வந்த சிபி750-க்கு 300, சிபி500-க்கு 323. விற்பவர் "750-க்கான பாகம்" என்று எழுதியிருக்க, பொட்டலத்தின் படத்தில் நடுவில் 323 இருந்தால் சற்று நில்லுங்கள். சில பாகங்கள் இரண்டுக்கும் பொருந்தும், பல பொருந்தாது. பார்ட்ஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

ட்ரையம்ஃபில் பழைய எண்கள் எழுத்தில் தொடங்கும், பிற்பாடு அவற்றை எழுத்தே இல்லாமல் இலக்கங்களாக மாற்றினார்கள். இ3134 என்ற புகழ்பெற்ற கேம்ஷாஃப்ட்டே (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) பின்னாளில் 70-3134 ஆனது. இரண்டு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் பத்துப் பேர் மோதிக்கொண்டிருக்கும்போது, இன்னொன்றில் அதே பொருள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். கார்புரேட்டரை பிரிட்டனில் இரண்டு டி போட்டு எழுதுவார்கள், அமெரிக்காவில் ஒரு டி. பிரிட்டனில் மட்கார்டு, அமெரிக்காவில் ஃபெண்டர். எல்லா வடிவத்திலும் தேடலைச் சேமித்து வைத்துவிடுங்கள்.

படி 2: அதை இன்றும் யாராவது புதிதாகச் செய்கிறார்களா என்று பாருங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். அமால் நிறுவனத்தின் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர் 1967-ல் வந்தது, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், தேய்ந்துபோன பழையதற்குப் புதியதன் விலையைத் தாண்டிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. புதியதன் விலைதான் உங்கள் உச்சவரம்பு. இது தெரியாமல் ஏலத்தில் மோதுகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விலை நிஜமாகவே ஏறுவது, திரும்பச் செய்ய முடியாத பாகங்களுக்குத்தான்: எண் பொறித்த கிரான்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு), தொழிற்சாலை முத்திரை உள்ள சைலன்சர், நல்ல நிலையில் உள்ள அசல் டேங்க், ஸ்மித்ஸ் க்ரோனோமெட்ரிக் ஸ்பீடோமீட்டர். இவற்றைச் செய்த அச்சுகளும் இயந்திரங்களும் பெரும்பாலும் போய்விட்டன. இருக்கும் பாகங்களும் உடைந்தும் துருப்பிடித்தும் குறைந்துகொண்டே வருகின்றன. இன்னொரு பக்கம், முழு பைக்கைவிட பிரித்து விற்றால் கூடுதல் பணம் வருகிறது என்று ஓடக்கூடிய வண்டிகளையே சிலர் பிரித்துவிடுகிறார்கள். அப்படி வருகிற பாகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

"பிரிக்காத பழைய சரக்கு" என்று வருபவற்றிலும் வகை பார்த்து வாங்குங்கள். பிஸ்டன், கியர், பேரிங் என்றால் நல்லது. ரப்பர் என்றால் வேண்டாம். ஐம்பது வருடம் பெட்டிக்குள் இருந்த ஆயில் சீல் பெட்டிக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும்.

படி 3: கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள்

இபே ஏலத் தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. விலை குறுக்கே அடிக்கப்பட்டிருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். எப்படியாவது வேண்டும் என்று இரண்டு பேர் மோதினாலே விலை உச்சத்துக்குப் போய்விடும். அந்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், அடுத்த ஏலத்தில் போட்டி ஒரு ஆள் குறையும். பெரிய விலைக்கு ஒன்று போனால், பரணில் கிடந்ததை இன்னும் நாலு பேர் தூசி தட்டி எடுத்து வருவார்கள். அதனால் உச்ச விலையில் ஒன்று விற்றதும் பதறாமல், சில வாரம் பொறுங்கள்.

படி 4: படத்தை விடாமல் கேளுங்கள்

கார்புரேட்டர் என்றால், இன்ஜினோடு சேரும் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழைய அமால் உடல் துத்தநாகக் கலவை. போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் முகம் வளைந்துவிடும். ஸ்கேலுக்கு அடியில் இரு ஓரமும் ஒட்டி, நடுப்பகுதி விலகி வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. அங்கே காற்று புகும், வண்டி ஐடிலில் நிற்காது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அது ஓடும் துளையும் தேய்ந்திருக்கும்.

ட்ரையம்ஃப் கிரான்க்கேஸ் என்றால் எண் அடித்த இடத்தை நெருக்கமாகக் கேளுங்கள். 1969-லிருந்து அந்த இடத்தில் சின்னச் சின்ன ட்ரையம்ஃப் சின்னங்கள் வரிசையாகப் புடைத்திருக்கும். எண்ணுக்குக் கீழே அவை அழிந்து வழவழவென்று இருந்தால், யாரோ அரைத்துவிட்டு வேறு எண் அடித்திருக்கலாம். திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். எவ்வளவு ஆசை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

க்ரோனோமெட்ரிக் மீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, சின்னச் சின்னத் தாவலாக ஏறும். சுழற்றிக் காட்டும் வீடியோ கேளுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் வாங்கினேன். முகப்பு அருமையாக இருந்தது, உள்ளே பாதிப் பற்சக்கரங்கள் இல்லை. பழுது பார்க்க, வாங்கிய விலையைவிட அதிகம் ஆனது.

படி 5: மொத்தச் செலவைக் கூட்டுங்கள்

கூரியர், சுங்கவரி, பணம் மாற்றும் கட்டணம். குரோம் போட வேண்டிய பாகம் என்றால் அதையும் சேருங்கள். துருப்பிடித்த சைலன்சர் மலிவாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். எல்லாவற்றையும் உச்சவரம்பிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் ஏலத்தொகை. ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

படி 6: ஒரே ஒரு முறை ஏலம் கேளுங்கள்

இபே உங்கள் உச்சத்தொகையை ரகசியமாக வைத்துக்கொண்டு, தேவையான அளவு மட்டும் உங்களுக்காக ஏற்றும். நீங்கள் 120 போட்டு, அடுத்தவர் 90-ல் நின்றால், 90-க்குச் சற்று மேலே உங்களுக்கு முடியும். முதல் நாளே 120-ஐப் போட்டால், 90 போட்டவர் தோற்றதைப் பார்த்து 100, 110 என்று ஏற்ற நேரம் கிடைக்கிறது. கடைசிச் சில நொடிகளில் போடுங்கள். சில தளங்களில் கடைசி நேரத்தில் கேட்டால் ஏலம் நீளும், விதியை முன்பே படித்துவிடுங்கள். 121-க்குப் போய்விட்டதா? சரி, போகட்டும். தாளில் எழுதியதை ஏலம் நடக்கும்போது மாற்றக் கூடாது.

ஏலம் கேட்டவர்கள் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஒரே விற்பனையாளரிடம் மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டு, ஒன்றும் வாங்காமல் போகும் ஆள் இருந்தால், விலையை ஏற்றிவிட நிறுத்தப்பட்டவராக இருக்கலாம். அது விதிப்படி தவறு, தளத்துக்குத் தெரிவிக்கலாம்.

படி 7: பொட்டலம் வந்ததும்

திறக்கும்போதே வீடியோ எடுங்கள். அப்புறம், பைக் தயாராகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அளவு பார்த்து, பொருத்தியும் பார்த்துவிடுங்கள்.