ஆள் தேர்வில் இனம்: எங்கே பார்க்க வேண்டும், எங்கே பார்க்கக் கூடாது

வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கருத்தில் கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, தேர்வு முறை ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிப்பது மற்றொன்று. முன்னதில் இனத்துக்கு இடம் தரலாகாது. பின்னதில் இனத்தைப் பார்க்காமல் சோதனையே செய்ய முடியாது என்பது என் நிலைப்பாடு.

முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம், பணியின் இயல்பே கோரும் அரிய சூழலில் சமயம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள விலக்கு அளிக்கிறது. இனத்துக்கு அந்த விலக்கும் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமோ, இருவரின் தகுதி சமமாக இருக்கும்போது, குறைவாக இடம்பெற்றுள்ள பிரிவைச் சேர்ந்தவருக்கு முன்னுரிமை தர அனுமதிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறிப்பிட்ட நிறுவனங்கள், குறைவாக இடம்பெற்றுள்ள பிரிவினருக்கென எண்ணிக்கை இலக்குகளையே வகுத்தாக வேண்டும். ஓரிடத்தில் கடமையாக இருப்பது இன்னோரிடத்தில் வழக்காகிவிடும்.

அடுத்து, விளம்பரம் வெளியிடுவதற்கு முன்பே தகுதிகளை எழுதி, ஒவ்வொன்றும் அந்த வேலைக்கு உண்மையில் தேவைதானா என்று கேளுங்கள். டியூக் பவர் என்ற மின் நிறுவனம் பள்ளி இறுதிச் சான்றிதழையும் பொது அறிவுத்திறன் தேர்வையும் நிபந்தனையாக்கியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்கள் அதே வேலையைத் திருப்தியாகச் செய்துவந்ததையும், நிபந்தனை கறுப்பினத்தவரையே அதிகம் வெளியேற்றியதையும் கண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1971இல் அந்த நிபந்தனைகள் செல்லாது என்றது. இனத்தின் பெயரே சொல்லாத ஒரு நிபந்தனையும் இனத்தை வடிகட்டக்கூடும்.

விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவரிடம் பெயரையும் புகைப்படத்தையும் மறைத்துக் கொடுங்கள். பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடத்தி 2004இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே தரமுள்ள கற்பனை விண்ணப்பங்களில் பெயர் மட்டுமே மாற்றப்பட்டது. வெள்ளையர் பெயர் இருந்தால் சுமார் 10 விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் இருந்தால் சுமார் 15 அனுப்ப வேண்டியிருந்தது. நேர்காணலில் பெயரையோ முகத்தையோ மறைக்க முடியாது என்பதால், எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, நேர்காணல் குழுவினர் கூடிப் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் இடச் செய்யுங்கள். "நம்மோடு ஒத்துப்போவாரா" என்ற அளவுகோலை அடியோடு நீக்கிவிடுவது நல்லது. அதற்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும்.

தேர்வு முடிந்த பிறகுதான் இனத்தைப் பற்றிய தரவை எடுத்துப் பார்க்க வேண்டும். அதை விண்ணப்பதாரர் விருப்பத்தின் பேரில் தனிப்படிவத்தில் பெற்று, தேர்வாளர்களின் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள். ஒரு பிரிவில் 100 பேர் விண்ணப்பித்து 40 பேரும், இன்னொரு பிரிவில் 50 பேர் விண்ணப்பித்து 12 பேரும் முதல் கட்டத்தைத் தாண்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதங்கள் 40, 24 விழுக்காடு. 24 என்பது 40இல் 60 விழுக்காடு மட்டுமே. அமெரிக்க அரசு அமைப்புகள் 1978இல் வகுத்த ஐந்தில் நான்கு விதியின்படி, இது 80 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதால் விசாரிக்கத் தக்கது. பாகுபாடு நடந்தது என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது. எண்ணிக்கை மிகச் சிறிதாக இருந்தால் தற்செயலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டால், எங்கே ஆட்கள் உதிர்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இடைவெளி தெரிந்ததும் வந்த மதிப்பெண்களைத் திருத்தவோ முடிவை ரத்துசெய்யவோ அவசரப்படாதீர்கள். தீயணைப்பு வீரர்களின் பதவி உயர்வுத் தேர்வு முடிவுகளை, இனவாரியான இடைவெளியைக் காரணம் காட்டிப் புறக்கணித்த அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம், 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. திருத்தத்தை அடுத்த சுற்றுக்கு ஒத்திவைத்து, உதிர்வு நிகழ்ந்த கட்டத்தின் கேள்விகளையும் நிபந்தனைகளையும் மாற்றுங்கள். விண்ணப்பங்களே ஒரு வட்டத்திலிருந்து மட்டும் வந்திருந்தால், ஊழியர் பரிந்துரையை நம்புவதைக் குறைத்து, விளம்பரம் போய்ச் சேரும் இடங்களை விரிவாக்குங்கள்.