பீரங்கித் தளத்தைத் தரையிலிருந்து படியுங்கள்: மலையகத்திலிருந்து திருகோணமலை போகிறவர்களுக்கு

மலையகத்திலிருந்து கோணேஸ்வரம் போகும் வேன் பயணங்களில் நேரம் மிஞ்சுவதே இல்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இரவு ஏறினால் விடியற்காலை கன்னியா வெந்நீர்க் கிணறு, பிறகு கோயில், கடல், பகல் சாப்பாடு, திரும்பல். நடுவில் ஏதோ ஒரு பழைய பீரங்கிமேல் பிள்ளைகளை ஏற்றி ஒரு போட்டோ. இரண்டாம் உலகப் போர்க்காலக் கரையோரப் பீரங்கித் தளம் ஒன்றை ஒழுங்காகப் பார்த்து, அளந்து, வரைந்து வர வேண்டுமென்றால் அதற்கென்றே அரை நாள் ஒதுக்க வேண்டும். ஆள் நான்கு பேர் போதும்.

போனவுடன் எல்லோரும் பீரங்கியின் குழலைத்தான் தேடுவார்கள். குழல் இடம் மாறக்கூடிய பொருள். எங்கோ கிடந்ததைத் தூக்கிவந்து புல்வெளியில் அலங்காரமாக வைத்திருப்பார்கள், அல்லது பழைய இரும்பாக எப்போதோ விற்றிருப்பார்கள். கொங்கிரீட் நகராது. என்ன பீரங்கி, எந்தப் பக்கம் சுட்டது, குண்டு எந்த வழியாக மேலே வந்தது என்பதெல்லாம் தரையிலும் சுவரிலும்தான் இருக்கிறது. ஆகவே வேலையைத் தரையில் தொடங்குங்கள்.

அனுமதி முதலில்

6 அங்குலப் பீரங்கிகளையும் (குழல் துவாரத்தின் விட்டம் 6 அங்குலம்) அவற்றின் நிலக்கீழ் அறைகளையும் பார்க்கச் சரியான இடம் ஒஸ்டன்பேர்க் முனையிலுள்ள ஹூட்ஸ் டவர் கடற்படை நூதனசாலை. அட்மிரல் சாமுவேல் ஹூட்டின் பெயரால் வந்த இடம். அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் வாசலில் போய் நின்று கேட்டால் வேலை நடக்காது. ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், வரும் நோக்கம் ஆகியவற்றை எழுதி முன்கூட்டியே அனுமதி எடுங்கள். டேப் பிடித்து அளக்கப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இராணுவ வளவுக்குள் டேப்பும் நூலுமாக நிற்பவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். போனை வாசலில் வாங்கி வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே போங்கள். அப்போது கையில் மிஞ்சுவது பென்சிலும் தாளும்தான்.

பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோயிலுக்குப் போகும் பாதை பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் பாதையை விட்டு விலகினால் இராணுவப் பகுதி. கிழக்கில் வேறு எங்காவது பற்றைக்குள் கொங்கிரீட் தெரிகிறது என்று இறங்காதீர்கள். பிந்திய உள்நாட்டு யுத்தத்தின் வெடிபொருள் எங்கே கிடக்கிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. உருளையாக, துருப்பிடித்து எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி 119க்குச் சொல்லுங்கள்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். போர்க்காலக் கொங்கிரீட் அந்த எல்லைக்குப் பிந்தியது என்பதற்காக ஆணி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வரலாம் என்று அர்த்தமில்லை. ஒல்லாந்தர் கோட்டையும் போர்க்காலக் கட்டடமும் ஒரே மண்ணில் கலந்து நிற்கும் ஊர் திருகோணமலை. எதையும் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள்.

ஊரிலேயே பழகுங்கள்

பழைய தேயிலை பெக்டரிகளில் எஞ்சின் கழற்றிய பீடம் இன்னும் கிடக்கும்: கனமான கொங்கிரீட், அதிலிருந்து தலைநீட்டும் ஆணிகள், எண்ணெய்க் கறை. பீரங்கி மேடையின் தரையும் அதே கதைதான், ஆணிகள் மட்டும் வட்டமாக நிற்கும். கேட்டுவிட்டு அந்தப் பீடத்தை ஒரு மாலை அளந்து, வரைந்து பழகுங்கள். பெக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரோ மேசன் பாஸ் ஒருவரோ குழுவில் இருந்தால் மற்ற மூன்று பேரின் கண்ணில் படாதது அவர் கண்ணில் படும்.

கொண்டுபோக வேண்டியவை: 30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, 10 மீட்டர் நைலோன் நூல் இரண்டு, தூக்குக் குண்டு, 10 சென்ரிமீட்டருக்கு ஒரு நிறமாகப் பூசிய 1 மீட்டர் தடி, மில்லிமீட்டர் கட்டத் தாள், அதை வைத்து வரைய ஒரு அட்டை, ஆளுக்கொரு டோர்ச்சோடு உபரியாக ஒன்று, தூசிக்கு என்-95 முகக்கவசம், நீளமான கைத்தடி. தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். நுவரெலியாக் குளிரில் பழகிய உடம்புக்குத் திருகோணமலை வெயிலும் கச்சான் காற்றும் காலை 11 மணிக்கே போதும் என்று ஆகிவிடும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் தேவையில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அங்கே மழை. நிலக்கீழ் அறைகளில் தண்ணீர் நிற்கும் காலம், தவிருங்கள்.

ஆணி வட்டம்

மேடைக்குள் போனதும் நடுத்தரையில் இலை, மண்ணை மெதுவாக ஒதுக்குங்கள். கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம். வட்டமாக நிற்கும் தடித்த ஆணிகள், அல்லது அவற்றை வெட்டிய அடையாளங்கள் தெரியும். பீரங்கியின் பீடத்தைக் கொங்கிரீட்டோடு இறுக்கியவை இவைதான்.

மையத்தைக் கண்டுபிடிக்க, வட்டத்தின் குறுக்கே ஏதாவது இரண்டு ஆணிகளுக்கிடையே நூலைக் கட்டி, அதன் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக இன்னொரு நூலை இழுங்கள். வேறு இரண்டு ஆணிகளை எடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு செங்குத்து நூல்களும் வெட்டும் இடம் மையம். அங்கே ஒரு கல்லை வையுங்கள். சோக்கால் எழுத வேண்டாம்.

பாதி ஆணி மண்ணுக்குள் என்றால் எல்லாவற்றையும் எண்ணத் தேவையில்லை. விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, அடுத்தடுத்த இரண்டு ஆணிகளின் இடைவெளியால் பிரியுங்கள். உதாரணமாக, விட்டம் 2 மீட்டர், இடைவெளி 26 சென்ரிமீட்டர் என்றால் 628ஐ 26ஆல் பிரிக்க ஏறத்தாழ 24 ஆணிகள். ஆணியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். ஓரத்திலிருந்து அளந்தால் எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகும்.

சில மேடைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் இருக்கும், அல்லது ஒரு வட்டம் புதுக் கொங்கிரீட்டால் பாதி மூடப்பட்டிருக்கும். பழைய பீரங்கியைக் கழற்றிவிட்டு வேறு வகையை ஏற்றியதன் தடயம் அது. இரண்டையும் தனித்தனியாக அளந்து, எது எதை மூடுகிறது என்று எழுதுங்கள். மூடப்பட்டதே முந்தியது. எழுதாமல் வந்தால் வீட்டில் எந்தப் போட்டோவிலும் அது விளங்காது.

முன்பக்கச் சுவரோ சாய்தளமோ உடைந்து, வளைவின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதன் ஆரையைப் பெறலாம். வளைவின் இரு முனைகளுக்கிடையே நூலைக் கட்டி நீளத்தை அளங்கள். நூலின் நடுவிலிருந்து வளைவு வரை உள்ள உயரத்தையும் அளங்கள். நீளத்தின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் பிரித்து, உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரை. நீளம் 4 மீட்டர், உயரம் 0.5 மீட்டர் என்றால் 4 + 0.25 = 4.25 மீட்டர். உயரத்தில் ஒரு சென்ரிமீட்டர் பிழைத்தாலே இந்த உதாரணத்தில் ஆரை ஏறத்தாழ 7.5 சென்ரிமீட்டர் மாறும். அதனால் உயரத்தை மூன்று தடவை அளங்கள்.

சுடும் கோணம்

போன் திசைகாட்டியை மேடைக்குள் நம்பாதீர்கள். மார்க் 7 என்ற வகை 6 அங்குலப் பீரங்கியின் குழல் மட்டுமே 7 தொன்னுக்கு மேல். பக்கத்தில் நின்றால் முள் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் குழப்பும்.

நூலே போதும். மையக் கல்லிலிருந்து முன்சுவரின் ஒரு முனையை நோக்கிச் சரியாக 5 மீட்டர், மற்ற முனையை நோக்கி இன்னொரு 5 மீட்டர் இழுத்து, இரண்டு நூல் நுனிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். 5 மீட்டர் வந்தால் கோணம் 60 பாகை, 7.07 வந்தால் 90, 8.66 வந்தால் 120, 9.66 வந்தால் 150. அதைவிட அகலமென்றால் நடுவில் ஒரு புள்ளியை வைத்து இரண்டாக அளந்து கூட்டுங்கள். பிறகு வரைபடத்தில் அடையாளம் காணக்கூடிய ஏதாவது ஒன்றை, சுவாமி மலையையோ கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள கலங்கரை விளக்கையோ, அதே முறையில் ஒரு முனையிலிருந்து அளந்தால் முழுக் கோணமும் வரைபடத்தில் உட்கார்ந்துவிடும்.

அந்தக் கோணத்தை வரைந்து பார்த்தால் ஒன்று விளங்கும். கரையோரப் பீரங்கிகள் கப்பலுக்காக வைத்தவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியது விமானங்களால். கடலை நோக்கித் திரும்பிய கனப் பீரங்கியால் தலைக்குமேல் வரும் விமானத்தை எதுவும் செய்ய முடியாது. அன்று சுட்டது வேறு வகைப் பீரங்கிகள், வேறு மேடைகள். எந்த மேடையைக் கண்டாலும் “ஜப்பான் விமானத்தைச் சுட்ட இடம்” என்று எழுதிவிடாதீர்கள்.

நிலக்கீழ் அறைகள்

6 அங்குலப் பீரங்கிக்குக் குண்டு வேறு, வெடிமருந்துப் பை வேறு. குண்டு 100 இறாத்தல், அதாவது 45 கிலோ. மருந்து துணிப் பையில் வரும். ஆகவே இரண்டு களஞ்சியங்கள், இரண்டு வழங்கும் துவாரங்கள் என்று எதிர்பாருங்கள். மேலே ஏற்றும் தூக்கியின் குழியையும் தேடுங்கள். எது எந்த அறை என்பதைச் சுவர் சொல்லும். மருந்து அறைக்கு ஈரமும் நெருப்பும் ஆகாது என்பதால் இரட்டைச் சுவரும் காற்றுத் துவாரமும் வைப்பார்கள். பழைய அமைப்புகளில் விளக்கு மாடம் கண்ணாடியால் அடைபட்டிருக்கும், விளக்கை வைப்பது வெளியே தனி நடையிலிருந்து.

இந்தத் தூக்கிக் குழிதான் தளத்தில் ஆபத்தான இடம். மூடி போயிருக்கும், இலைச் சருகு மேலே மெத்தையாகக் கிடக்கும். கைத்தடியால் தட்டாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே. மறுவாசல் இல்லாத, தண்ணீர் நிற்கும் அறைக்குள் போக வேண்டாம். தலை கனத்தால் அந்தக் கணமே வெளியேறுங்கள். வெளவால் எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். கூரையில் துருக் கம்பி வீங்கிக் கொங்கிரீட் பிதுங்கியிருந்தால் அதன் கீழ் நின்று அளக்காதீர்கள். குளவிக் கூடு எப்படியிருக்கும் என்று மலையகத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசல் மேல்மூலையை முதலில் பாருங்கள்.

சுவரில் மங்கிய ஆங்கில எழுத்து இருந்தால் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து வாசியுங்கள். நேரே அடித்தால் எதுவும் தெரியாது. தண்ணீர் ஊற்றித் துடைத்தால் கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரியும். ஆனால் மிஞ்சிய பூச்சும் கையோடு வந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

பார்வைக் கூடம்

பீரங்கிகளுக்குப் பின்னால், மேலே, கடலைப் பார்த்த நீள்வெட்டு ஜன்னலோடு ஒரு சிறிய கட்டடம் இருக்கும். நடுவில் தனித் தூண் நின்றால் அது தூரம் காணும் கருவியின் பீடம். கப்பலின் நீர்க்கோட்டைக் கீழ்நோக்கிப் பார்த்து, அந்தச் சாய்கோணத்திலிருந்து தூரத்தைக் கணிக்கும் முறை. 60 மீட்டர் உயரத்திலிருந்து 5 கிலோமீட்டர் தூரக் கப்பலுக்குச் சாய்வு 0.7 பாகைதான். அதில் 0.01 பாகை பிழைத்தால் தூரம் 70 மீட்டருக்கு மேல் தவறும், 10 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகும். உயரம் கூடக் கூடப் பிழை குறையும். பார்வைக் கூடத்தை ஏன் அவ்வளவு மேலே கட்டினார்கள் என்பதற்கு விடை இதுதான். தூண் சுவரைத் தொடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

குழல் இருந்தால்

பின்முகத்தில் வகை, இலக்கம், ஆண்டு, செய்த இடத்தின் எழுத்துகள் பொறித்திருக்கும். ஆர்ஜிஎஃப் என்றால் வூலிச் அரச ஆலை, விஎஸ்எம் என்றால் விக்கர்ஸ், ஈஓசி என்றால் எல்ஸ்விக். ஆண்டு என்பது குழலைச் செய்த ஆண்டு. அங்கே பொருத்திய ஆண்டு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த குழல் 1942இலும் சேவையில் இருந்திருக்கலாம்.

பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகளில் ஜிஆர் முடிச்செழுத்தை (அரசரின் பின்னிய முதலெழுத்துகளை) கண்டு ஐந்தாம் ஜோர்ஜ் என்று முடிவெடுக்காதீர்கள். நடுவில் 3 இருந்தால் மூன்றாம் ஜோர்ஜ், நூறாண்டுக்கும் மேல் பழையது. பிரித்தானியப் பீரங்கியில் 49-2-7 போன்று மூன்று எண்கள் இருந்தால் அது எடை: ஹண்ட்ரட்வெயிற், குவார்ட்டர், இறாத்தல். முதலாவதை 112ஆலும் இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதோடு கூட்டுங்கள். இங்கே 5,551 இறாத்தல், சுமார் 2,518 கிலோ. நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் பூச்சுக்கு மேலால் தவறாக வாசித்திருக்கிறீர்கள்.

வரைபடத்துக்கு 1:50 அளவு வசதி: 10 மீட்டர் மேடை தாளில் 20 சென்ரிமீட்டர். மையத்தின் ஊடாக ஒரு நீள்நூல், 50 சென்ரிமீட்டருக்கு ஒரு பக்க அளவு, கடைசியில் இரண்டு மூலைவிட்டங்கள். மூலைவிட்டம் தாளிலும் தரையிலும் 5 சென்ரிமீட்டருக்குள் ஒத்துவராவிட்டால் அங்கேயே திரும்ப அளங்கள், ஹட்டனிலிருந்து திரும்பிப் போவது லேசல்ல. போட்டோ அனுமதித்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் அந்த 1 மீட்டர் தடி இருக்கட்டும். ஒரு படம் அடுத்ததோடு மூன்றில் இரண்டு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழட்டும். பென்சில் கோடுகளின் மேல் அன்றிரவே, வேன் புறப்பட முன்னரே மை போட்டு, தேதி, அளந்தவர் பெயர், வட திசை மூன்றையும் எழுதிவிடுங்கள். பிரதி ஒன்றை அனுமதி தந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த குழுவுக்கு அனுமதி கேட்கும்போது அதுவே பேசும்.