தழும்புக்கு மேல் டட்டூ குத்த முதல்

வன்னியில் டட்டூ பேச்சு வந்தால் "இந்தத் தழும்பை மூடலாமா" என்ற கேள்வியும் கூடவே வரும். 2009இல் சின்னப் பிள்ளைகளாக ஷெல் பட்டவர்கள் இன்று வளர்ந்த ஆட்கள். சண்டை முடிந்த கையோடு, தழும்பு இருந்தாலே சந்தேகத்தோடு பார்த்த சோதனைச் சாவடிகளையும் கண்டவர்கள் நாங்கள். காண்கிறவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குத்தான் விருப்பம்? மூட நினைப்பதில் பிழையே இல்லை, அவசரப்படுவதுதான் பிழை.

உள்ளே ஷெல் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், இருக்கிறதா என்று பாராமல் குத்துவது முதல் தவறு. உடம்புக்குள் ஷெல் பீஸோடு வயல் செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். சிலருக்கு அது இருப்பதே தெரியாது. தழும்பை விரலால் அழுத்திப் பாருங்கள், கட்டியாக ஏதும் தட்டுப்பட்டால், இடைக்கிடை குத்துவலி வந்தால், எக்ஸ்ரே எடுத்து டாக்குத்தரிடம் காட்டிய பிறகு யோசிக்கலாம். டட்டூ ஊசி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இறங்கும், ஆழத்தில் கிடக்கும் பீஸைத் தொடாது. ஆனால் தோலுக்குக் கீழேயே நிற்கிற பீஸ், அடிக்கடி சீழ் வைக்கிற இடம் என்றால் கை வைக்கவே வேண்டாம். நாளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வந்தால் உள்ளே இருக்கிற இரும்பு ஆபத்து. தழும்பைக் கண்டால் டாக்குத்தர் என்ன காயம் என்று கேட்பார், அதே இடத்தில் பூவும் கொடியும் இருந்தால் கேட்கமாட்டார், நீங்களாகவே சொல்லவேண்டும்.

காயம் ஆறி ஒரு வருடமாவது போகட்டும். இன்னும் சிவந்து, கடித்துக்கொண்டு இருந்தால் பொறுங்கள். பட்ட காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்திருந்தால் அது கீலொயிட், அதில் ஊசி பட்டால் இன்னும் வளரக்கூடும். எங்களைப் போன்ற கறுத்த தோலில், அதுவும் நெஞ்சிலும் தோளிலும், இது கூடுதலாக வரும். எரிகாயத் தழும்பில் மை ஒரே சீராகப் பிடிக்காது, ஒரு இடத்தில் பரவும், பக்கத்து இடத்தில் பிடிக்காமலே போகும். தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

மூட முதல் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, வைத்திய அறிக்கைகளோடு சேர்த்து வையுங்கள். நட்டஈட்டுக்கோ வேறு நாட்டில் அகதிக் கோரிக்கைக்கோ தேவைப்பட்டால் அந்தத் தழும்பே ஒரு சாட்சி. இதை முன்கூட்டிச் சொல்லித்தர ஆள் இல்லாதபடியால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கூட்டாளி ஒன்லைனில் வாங்கிய மெசினால் சும்மா குத்தித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஊசி உங்கள் கண் முன்னால் பிரித்ததாக இருக்கவேண்டும், மை உங்களுக்கென்று தனியாக ஊற்றியதாக இருக்கவேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் இந்த வழியாலும் தொற்றும்.

குத்திய பிறகு இரண்டு மூன்று கிழமைக்குக் குளத்தில் இறங்காதீர்கள், சேற்றுக்குள் இறங்கி வயல் வேலையும் வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு, முதுகில் கொக்கி குத்தி எடுக்கும் செடில் காவடி நேர்ந்திருந்தால் முதுகில் டட்டூ குத்துவதைப் பிறகு பாருங்கள். குத்திய இடம் வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டட்டூ குத்தியதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.