வண்டுக்குப் பந்தி வைக்கும் தாழ்வாரம்: மருந்தடிக்காமல் ஆண்டு முழுவதும் பூக்கவைக்கும் முறை

பூச்செடி வாங்கிவந்த முதல் மாதம் கொத்துக் கொத்தாகப் பூத்தது, பிறகு இலையைத் தவிர ஒன்றையும் காணோம் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் செடி வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் குறை. ஊரில் என்றால் பருவத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் பகல்பொழுது ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது; வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இங்கே ஒரு செடி பூக்காமல் நின்றால், வெளிச்சம், உரம், கத்தரிப்பு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். மூன்றுமே வளர்ப்பவர் கையில் இருப்பவை. பூ இடைவிடாமல் இருந்தால் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் இடைவிடாமல் வரும். அவை வரும் இடத்தில் மருந்தடிக்கக் கூடாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழியைப் பற்றியது.

வெயில் எந்தப் பக்கம்

தொட்டியை வாங்கும் முன் ஒரு நாள் முழுவதும் தாழ்வாரத்தில் வெயில் எங்கே விழுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைவான நேரடி வெயிலில் பெரும்பாலான பூச்செடிகள் உயிரோடு இருக்குமே தவிரப் பூக்காது. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில் இந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். வடக்கும் தெற்கும் பார்த்த வீடுகளில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மார்ச் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி கடந்தும் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து செல்கிறது. மீதி மாதங்களில் தெற்கே சாய்ந்து செல்கிறது. எனவே ஜூன் மாதத்தில் வடக்குத் தாழ்வாரத்தில் காலை மாலை வெயிலில் குளித்துக்கொண்டிருந்த இட்லிப்பூச்செடி, டிசம்பரில் நிழலில் நின்று விரதம் இருக்கும். அப்போது உரத்தைக் கூட்டிப் பயனில்லை. வீட்டின் மறுபக்கச் சன்னலுக்கு உள்ளே வெயில் விழும் இடம் இருந்தால் தொட்டியை அங்கே மாற்றலாம். இல்லையென்றால் அம்மாதங்களில் அந்தச் செடி ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

பொதுத் தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழே நடப்பவர் தலைக்கு அது எமன். தாழ்வாரத்தில் இடம் போதாதவர்கள் குடியிருப்புப் பேட்டையின் சமூகத் தோட்டத்தில் சேரலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் இத்தகைய தோட்டங்கள் தீவெங்கும் இருக்கின்றன.

எந்தப் பூவுக்கு எந்த விருந்தாளி

தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள் ஆகியவை நன்றாகத் தெரியும். தேன்சிட்டு சிவப்பைத் தேடி வரும். வண்ணத்துப்பூச்சி பல நிறங்களுக்கும் வரும். ஆனால் அமர்ந்து உறிஞ்சுவதற்கு வாகான கொத்துப் பூக்களையே அது விரும்புகிறது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாறு தொட்டிகளே போதும்.

நிறம் எதுவானாலும் ஒற்றைப் பூவையே வாங்குங்கள். அடுக்குச் செம்பருத்தியும் அடுக்குச் சங்குப்பூவும் கண்ணுக்கு நிறைவாக இருக்கலாம்; ஆனால் அடுக்கு வகைகள் பலவற்றில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால் மகரந்தம் குறைவு, தேன் இருக்கும் இடத்துக்கு வழியும் அடைபட்டுவிடுகிறது.

என்னுடைய முதல் பரிந்துரை சீமை நாயுருவி. பூக்கடைக்காரர் இதை மதிக்கமாட்டார். சாலையோரத்தில் களையாகவும் முளைத்துக் கிடக்கும். ஒரு முழக் குச்சிபோல நீளும் அதன் கதிரில், ஒரே நேரத்தில் நான்கைந்து ஊதாப் பூக்கள் மட்டுமே வளையம்போல விரிந்திருக்கும். மறுநாள் அவை உதிர, வளையம் சற்று மேலே ஏறும். ஊதுவத்தியில் கங்கு நகர்வதைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு கதிர் நுனிவரை பூத்து முடிய வாரக்கணக்காகும். அதற்குள் பக்கக் கிளைகளில் வேறு கதிர்கள் கிளம்பிவிடும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு இதைவிட நம்பகமான செடியை நான் பார்த்ததில்லை. பெண்டாஸ் செடியும் இதே வேலையைச் செய்யும். தொட்டிக்கு அடக்கமாகவும் இருக்கும்.

இரண்டாவது, சங்குப்பூக் கொடி. விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூத்துவிடும். காலையில் பெரிய கருவண்டு ஒன்று இந்தப் பூவில் வந்து இறங்குவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். மற்ற அவரைக் குடும்பப் பூக்களில் கீழே இருக்கும் மகரந்தத்தாள்கள், தலைகீழாகத் திரும்பி நிற்கும் சங்குப்பூவில் மேலே இருக்கின்றன. வண்டு தேனுக்காக உள்ளே தலையை நுழைக்கும்போது அதன் முதுகில் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. முதுகில் மாவு பூசியதுபோல அது அடுத்த பூவுக்குப் போகும். ‘புங்கா தெலாங்’ என்று மலாயில் அழைக்கப்படும் இந்தப் பூவை, சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரனாக்கான் மக்களின் பலகாரங்களுக்கு நீலநிறம் ஏற்றப் பயன்படுத்துவார்கள் என்பதால், எங்கள் மாடியில் இதைக் கேட்டு வரும் ஆண்ட்டிகள் இருவர் உண்டு. மருந்தடித்த கொடியிலிருந்து அவர்களுக்கு எப்படிப் பறித்துக் கொடுப்பது?

துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் வளர்ப்போர் கதிர் விட்டதும் கிள்ளிவிடுவது வழக்கம். செடி நீடிக்க அது தேவைதான். ஆனால் ஒரு தொட்டியை மட்டும் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள். கொசுத்தேனீக்களும் வயிற்றில் நீலப்பட்டை கட்டிய தேனீக்களும் அந்தக் கதிர்களை விட்டு நகராது. இட்லிப்பூ, ஒற்றைச் செம்பருத்தி, நித்தியகல்யாணி, வாடாமல்லி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. காகிதப்பூ நிறத்துக்கு மட்டும்தான். வண்டுக்கு அங்கே கிடைப்பது சொற்பம். உன்னிச்செடி வண்ணத்துப்பூச்சிகளை இழுக்கும் என்றாலும் அதன் காயும் இலையும் நச்சு; சிறு குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பந்தி முறையில் கத்தரிப்பு

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர் தேங்காத மண்கலவை, அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம், அடியில் தாராளமான துளைகள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். மாதம் ஒருமுறை மேல்மண்ணில் ஒரு கைப்பிடி மக்குரம் தூவினால் போதும். இட்லிப்பூவின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாக மாறினால், மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டது என்று பொருள். சிமென்ட் உதிரும் இடத்தில் அந்தத் தொட்டியை வைக்காதீர்கள்.

பூ தொடர்ந்து வருவதன் சூட்சுமம் கத்தரிப்பில் இருக்கிறது. இட்லிப்பூ, பெண்டாஸ், செம்பருத்தி போன்றவை புதிய தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கொத்து வாடியபின் அதை அப்படியே விட்டால் செடி காய் பிடிக்கத் தொடங்கி, அடுத்த மொட்டைத் தள்ளிப்போடும். வாடிய கொத்தை இரண்டு இலைக் கணு சேர்த்து வெட்டினால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து இரண்டு தளிர் கிளம்பும். பூக்கும் நுனியும் இரட்டிப்பாகும். பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை எடுத்து எல்லாத் தொட்டிகளையும் ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆறேழு வாரம் தாழ்வாரத்தில் ஒரு பூவும் இருக்காது. வந்து பழகிய தேனீக்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

கல்யாண வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை போடுவதில்லை; ஒரு பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். செடிகளையும் அப்படி மூன்று பிரிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவை இன்று கத்தரித்தால், இரண்டாவதை மூன்று வாரம் கழித்தும் மூன்றாவதை மேலும் மூன்று வாரம் கழித்தும் கத்தரிக்கலாம். மூன்றாவது பிரிவைத் தொடும் நேரத்தில் முதல் பிரிவு மொட்டு விட்டிருக்கும். ஒரே ஒரு பெரிய செடி மட்டும் இருந்தால் அதன் கிளைகளையே மூன்றாகப் பிரித்து இதே கணக்கில் வெட்டலாம். சங்குப்பூக் கொடியில் கத்தரிக்கோலுக்கு வேலை குறைவு. பிஞ்சு நெற்றுகளை மூன்று நாளுக்கு ஒருமுறை கிள்ளி எறிந்தால் போதும். நெற்று முற்றவிட்டால் கொடி தன் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடும்.

தினமும் சாமிக்குப் பூப் பறிப்பவர்கள் தம்மை அறியாமலே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: விடியற்காலையில் செடியை முழுவதும் வழித்தெடுக்காமல் மூன்றில் ஒரு பங்குப் பூவையாவது வண்டுகளுக்கு விட்டுவையுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையில் பூக்கள் அழுகும், தேன் நீர்த்துப்போகும், தேனீயும் வெளியே வராது. நித்தியகல்யாணியின் வேர் அழுகிச் செடியே சாய்வதும் அப்போதுதான். எனவே அதன் விதைகளைச் சேமித்து வைத்திருப்பது நல்லது. ஓரளவு கடுமையான கத்தரிப்பை ஜனவரி இரண்டாம் பாதியில் வைத்துக்கொண்டால், மழை குறைந்த பிப்ரவரி வெயிலில் தளிர்த்து மார்ச்சில் நன்றாகப் பூக்கும்.

மருந்தைத் தொடாமல்

முதல் எச்சரிக்கை, செடி வாங்கும்போதே தொடங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செடிக்கடையில் பளபளவென்று இருந்த எலுமிச்சைக் கன்று ஒன்றை வாங்கிவந்தேன். அதில் முட்டையிட்ட வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், பொரித்த மூன்று நாளில் சுருண்டு விழுந்தன. வேர்வழி உறிஞ்சப்படும் பூச்சிமருந்து இலைக்கு மட்டுமன்றி மகரந்தத்துக்கும் தேனுக்கும் செல்லும். அது கழுவினால் போகாது. அத்தகைய நியோநிகோட்டினாய்டு மருந்துகள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்ததற்குத் தேனீக்களே காரணம். கன்றுக்கு என்ன மருந்து இட்டார்கள் என்று கடையில் கேளுங்கள். தெரியாது என்றால் முதல் இரண்டு சுற்றுப் பூக்களைத் திறக்குமுன் கிள்ளிவிடுங்கள். நண்பர் வீட்டிலிருந்து வாங்கிய பதியனும் விதையும் இதைவிடப் பாதுகாப்பானவை.

மாவுப்பூச்சியும் அசுவினியும் கட்டாயம் வரும். வந்தவுடன் பதற வேண்டியதில்லை. தண்ணீரைச் சற்று வேகமாக இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி, மிஞ்சியவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுப்பதே சிறந்த மருத்துவம். பொறிவண்டும் அதன் முதலைபோன்ற கறுத்த குஞ்சுகளும் அசுவினியைத் தின்று தீர்க்க ஓரிரு வாரம் அவகாசம் கேட்கும். அதற்குள் மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். தாக்குதல் மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து, பொழுது சாய்ந்தபின், பூச்சி இருக்கும் கிளையில் மட்டும் தெளித்து மறுநாள் காலையில் கழுவிவிடலாம். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காக அதை அள்ளி அடிப்பவர்கள் உண்டு. அதுவும் பூச்சிக்கொல்லிதான், புழுக்களையும் அது விடாது. பூவில் படும்படி அதைத் தெளிக்க நான் ஒப்பமாட்டேன்.

எறும்பு ஏறும் செடியில் மாவுப்பூச்சி ஓயாது, ஏனெனில் அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கிறது. இதற்குத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் பழைய வழி சிங்கப்பூருக்கு ஒத்துவராது. அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு பெருகும். சுவரையோ அடுத்த செடியையோ தொடும் கிளைகளை வெட்டி எறும்பின் பாலத்தை அறுப்பதே இங்கே சரியான வழி.

இலையில் ஓட்டை விழுவதைப் பார்க்கும் கண்ணையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். விளிம்பில் வட்டமாக, காசை வைத்து வெட்டியதுபோல ஓட்டை இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. தன் கூட்டுக்கு இலைத்துண்டை எடுத்துச் சென்றிருக்கிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் வீசி மிரட்டும். முட்டையிலிருந்து சிறகு விரிக்கும்வரை ஏறத்தாழ நான்கு வாரம்தான். ரசத்துக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி வைத்துக்கொண்டால் சண்டையில்லை. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2015இல் நடத்திய வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வான சிவந்த உடல்கொண்ட ‘காமன் ரோஸ்’, ஈசுவரமூலி இனக் கொடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தக் கொடி நச்சுள்ளது என்பதால் சமூகத் தோட்டத்தில் வேலியோரமாக வளர்ப்பது பொருத்தம்.

கடைசியாகக் கொசு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமலிருப்பது நல்லது. வைத்தால் தினமும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணில் நீர் தேங்கும் என்பதால் வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். வடிகாலில் போடப்படும் பி.டி.ஐ. எனும் நுண்ணுயிரி மருந்து கொசுப்புழுவைத் தாக்குமே தவிரத் தேனீயை ஒன்றும் செய்யாது. ஆனால் புழுக்கொல்லியாக விற்கப்படும் அதன் உறவான ‘குர்ஸ்டாக்கி’ வகை வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கொன்றுவிடும் என்பதால் சீட்டைப் படித்து வாங்குங்கள். புளோக்கில் புகையடிக்கும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தால், அன்று காலையிலேயே சிறு தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவைத்து, பெரியவற்றை ஈரமில்லாத பருத்தித் துணியால் மூடி, புகை அடங்கியதும் இலைகளை நல்ல நீரால் கழுவி, அன்று திறந்திருந்த பூக்களைக் கொய்து எறிந்துவிடுங்கள். மறுநாள் காலையில் விரியும் பூக்களில் வண்டுகள் வழக்கம்போல வந்து அமரலாம்.