விந்து மாதிரி எடுப்பது எப்படி? செமன் டெஸ்ட் முதல் இக்ஸி வரை

செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை) முடிவு சரியில்லை என்று வந்ததும் பலர் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பதை. டப்பாவில் விழாமல் போன முதல் சில துளிகள், தடவிய ஜெல், வெயிலில் கிடந்த அரை மணி நேரம் என ஒவ்வொன்றும் நல்ல விந்தணுவையும் மோசமாகக் காட்டிவிடும். அந்தத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் ஐயுஐ (கழுவிப் பிரித்த விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) போதுமா, ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்ப்பது) வேண்டுமா, இக்ஸிக்குப் (ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது) போக வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்கிறார்.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேடு. இடைவெளி இதைவிடக் குறைந்தால் அளவும் எண்ணிக்கையும் குறையும். "நிறைய சேரட்டும்" என்று பத்துப் பதினைந்து நாள் காத்திருப்பதும் தவறு. எண்ணிக்கை கூடினாலும், விரைமேல் குழாயில் (விரையின் மேல் விந்தணுக்கள் தங்கும் குழாய்) தேங்கிக் கிடக்கும் பழைய அணுக்களின் அசைவு குறைந்து, டிஎன்ஏ சேதம் கூடும். 3 நாள் என்று வைத்துக்கொண்டு, மறு பரிசோதனைக்கும் அதே 3 நாளைக் கடைப்பிடித்தால்தான் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். எனவே கடந்த மூன்று மாதத்தில் டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்திருந்தால் லேபில் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 2: லேப் தரும் டப்பா மட்டும்

அகன்ற வாய் கொண்ட அந்த பிளாஸ்டிக் டப்பா, விந்தணுவுக்குக் கெடுதல் செய்யாதது என்று சோதிக்கப்பட்டது. கழுவிய மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சோப்போ இரண்டு சொட்டுத் தண்ணீரோ போதும், அணுக்கள் அசைவை இழந்துவிடும். டப்பாவின் மேல் உங்கள் பெயர், மனைவி பெயர், தேதி, எடுத்த நேரம், இடைவெளி நாட்கள் எழுதியிருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

படி 3: மாதிரி எடுத்தல்

சிறுநீர் கழித்துவிட்டு, கைகளையும் உறுப்பையும் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலசி, ஈரம் இல்லாமல் துடையுங்கள். சுய இன்பம் மூலம் நேரடியாக டப்பாவில் சேகரிப்பதே சரியான முறை. எச்சில், சோப்பு, கடையில் கிடைக்கும் சாதாரண ஜெல் எல்லாமே அசைவைக் குறைக்கும். எண்ணெயும் வேண்டாம். வழவழப்பு இல்லாமல் முடியாது என்றால், விந்தணுவைப் பாதிக்காத தனி ஜெல் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள்.

மிக முக்கியமான விஷயம், முதலில் வெளியேறும் பகுதி. புராஸ்டேட் திரவத்தோடு சேர்ந்து வரும் அந்த முதல் துளிகளில்தான் பெரும்பாலான விந்தணுக்கள் இருக்கின்றன. பின்னால் வருவதில் பெரும்பகுதி விந்துப்பையின் திரவம். கடைசித் துளிகள் சிந்தினால் இழப்பு குறைவு. முதல் துளிகள் சிந்தினால் எண்ணிக்கை பாதியைவிடக் குறைந்துபோகலாம். சிந்தியதை மறைக்காமல், முதலில் சிந்தியதா கடைசியிலா என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டால் தேவையற்ற சிகிச்சை தொடங்கிவிடும்.

வந்தவுடன் விந்து கட்டிக்கட்டியாக ஜெல்லி போல இருக்கும். பயப்படாதீர்கள், குலுக்காதீர்கள். 15 முதல் 30 நிமிடத்தில் தானாக இளகும். ஒரு மணி நேரம் கடந்தும் இளகாவிட்டால்தான் லேப் அதைக் குறித்துவைக்கும்.

தாம்பத்திய உறவின்போது கடைசி நேரத்தில் விலகிச் சேகரிக்கும் முறை கூடாது. முதல் பகுதி தவறிவிடும், பெண்ணுறுப்பின் அமிலமும் கிருமிகளும் கலந்துவிடும். சாதாரண லேடக்ஸ் ஆணுறையும் விந்தணுவை முடக்கும். சுய இன்பம் இயலாதவர்களுக்கு, விந்தணுக்கொல்லி பூசாத தனிச் சேகரிப்பு ஆணுறை இருக்கிறது. அதை மருத்துவமனை வழியாகவே வாங்குங்கள்.

மருத்துவமனை அறையில் பதற்றத்தால் முடியாமல் போவது சகஜம். மனைவிக்குக் கருமுட்டை எடுக்கும் நாளில் அப்படி ஆனால் நெருக்கடி. அந்தச் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஒரு மாதிரியை உறைய வைக்கச் சொல்லுங்கள். உறைய வைத்து உருக்கும்போது அசையும் அணுக்களில் பெரும் பங்கு போய்விடும். ஆனாலும் ஒரு முட்டைக்கு ஒரு அணு என்ற கணக்கில் நடக்கும் இக்ஸிக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் போதும்.

படி 4: வீட்டிலிருந்து கொண்டுபோதல்

30 நிமிடத்துக்குள் சேர்த்தால் நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. வெப்பநிலை 20 முதல் 37 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். மூடியை இறுக்கி, டப்பாவை நிமிர்த்தி, சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி, வெயிலில் நிறுத்திய கார் எதுவும் ஆகாது.

படி 5: முடிவைப் படித்தல்

உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் 2021இல் வந்த ஆறாம் பதிப்பின்படி கீழ் வரம்பு இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, மொத்த அசைவு 42%, முன்னோக்கி நீந்துபவை 30%, இயல்பான உருவம் 4%. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில் அடிமட்ட 5 சதவீதத்தினர் நின்ற இடம் இது. பாஸ், ஃபெயில் மதிப்பெண்ணாக இதைப் படிக்காதீர்கள். ஒரே முடிவை வைத்துத் தீர்ப்பும் எழுத வேண்டாம், சில வாரம் கழித்து மீண்டும் எடுங்கள்.

படி 6: விந்து வெளியே வராவிட்டால்

உச்சம் அடைந்தும் சில துளிகளே வருகின்றன என்றால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோய், புராஸ்டேட் அறுவை சிகிச்சை, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். உச்சத்துக்குப் பின் கழிக்கும் சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த அணுக்களைச் சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் சிறுநீரின் அமிலமும் அடர்த்தியும் அவற்றை வேகமாக அழிக்கும். அதனால் டாக்டர் முன்கூட்டியே சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா) கொடுத்து அமிலத்தைக் குறைப்பார். சிறுநீர்ப்பையைக் காலி செய்து, விந்தை வெளியேற்றி, உடனே டப்பாவில் சிறுநீர் கழிக்க வேண்டும். லேப் அதைத் தாமதிக்காமல் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும். சோடாவை நீங்களாகக் கரைத்துக் குடிக்காதீர்கள், ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு முதலில் ஆணுறுப்பில் வைக்கும் அதிர்வுக் கருவி. 2.5 மில்லிமீட்டர் அலைவீச்சு, நொடிக்கு 100 அதிர்வு என்ற அமைப்பு நன்றாக வேலை செய்கிறது. காயம் பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்துக்கு மேலே இருந்தால் பலன் அதிகம். ஆனால் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். முதல் முயற்சி மருத்துவமனையில், அழுத்தத்தை அளந்துகொண்டேதான் நடக்க வேண்டும். அது பலிக்காவிட்டால் மலக்குடல் வழியாக மின்தூண்டல். மின்தூண்டலில் கிடைப்பதைவிட அதிர்வில் கிடைக்கும் அணுக்களின் அசைவு மேலானது. அதனால் வரிசையை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

விந்தில் அணுவே இல்லை என்றால் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பிரித்தறிய வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு அறுவை போன்ற அடைப்பில் உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும், ஊசியால் விரைமேல் குழாயிலிருந்தோ விரையிலிருந்தோ எடுத்துவிடலாம். எங்கிருந்து எடுத்தாலும் இக்ஸி முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. உற்பத்திக் கோளாறு என்றால் மைக்ரோஸ்கோப் வைத்து விரையில் தேடும் மைக்ரோ டீசே. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவும் கிடைப்பதில்லை. எனவே ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோம் நுண்இழப்புப் பரிசோதனைகள் முடியாமல் கத்தி வைக்க அனுமதிக்காதீர்கள். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப்-ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லாதவர்களுக்கு அணு கிடைக்க அநேகமாக வாய்ப்பே இல்லை, அறுவை வீண். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உற்பத்தியை நிறுத்துவதே அந்த ஊசியாக இருக்கலாம்.

விரையிலிருந்து எடுத்த அணுக்கள் சொற்பம், நீந்தும் வலுவும் குறைவு. ஐயுஐக்கு அவை உதவாது, இக்ஸிதான் வழி.

படி 7: ஐயுஐ நாளில் கேட்க வேண்டிய எண்

விந்தை அப்படியே கருப்பைக்குள் செலுத்துவதில்லை. அதில் உள்ள புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கடும் வலியை உண்டாக்கும். லேபில் கழுவி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரிப்பார்கள். பிரித்த பிறகு அசையும் அணுக்கள் மொத்தம் எத்தனை என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வாங்குங்கள். 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் ஐயுஐ தொடர்வதில் அர்த்தம் இருக்கிறது. 10 லட்சத்துக்குக் கீழே வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மாதிரியைச் சரியாக எடுத்தும் இரண்டு மூன்று முறை இந்த எண் ஏறவில்லை என்றால், அடுத்த ஐயுஐக்குப் பணம் கட்டும் முன் அந்தத் தாள்களை எடுத்துப்போய் இக்ஸி பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.