லேப்டாப் சூட்டுக்குக் காரணம் பனியன் பஞ்சு

லேப்டாப்பில் விளையாட்டைத் தொடங்கிய சற்று நேரத்தில் பிராசசர் 97 டிகிரியைத் தொட்டுவிடும். உடனே அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, திரையில் படம் விட்டுவிட்டு நகரும். திருப்பூர் வெயில்தான் காரணம் என்றார்கள். மார்கழிக் குளிரிலும் அதே கதைதான்.

கூலிங் பேட் வாங்கினேன், பெயருக்குத்தான் குறைந்தது. பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினேன். டர்போ என்னும் கூடுதல் வேகம் நின்று சூடு தணிந்தது, விளையாட்டும் நொண்டியது. கடையில் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசசரின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசும் பசையை, மாற்றித் தந்தார்கள். காசு போனதுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது காற்றில். விசிறி இரைச்சலோடு சுழல்கிறது. வெளியேறும் வழியில் கை வைத்தால் காற்று மெல்லத்தான் வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், சூட்டைக் காற்றில் கலக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் வெளிமுனை பளிச்சென்று இருந்தது. அடிமூடியைத் திறந்தேன், விசிறி இறகுகளிலும் தூசி இல்லை. அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இருந்தது! வீட்டின் கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. அங்கே பறக்கும் பஞ்சை விசிறி உறிஞ்ச, அது தகடுகளின் உட்புறத்தில் கம்பளித் துண்டு போல அப்பியிருந்தது. விசிறிக்கு மேலுள்ள சிறிய மூடியையும் கழற்றினால்தான் அது கண்ணில் படும். பேஸ்ட் மாற்றியவர்கள் அந்த மூடியைத் தொடவில்லை போலும்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இடுக்கியால் பஞ்சை உரித்தேன். முழுசாகக் கையோடு வந்தது. மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டினேன். இப்போது அதே விளையாட்டு, அதே அமைப்பு: 81 டிகிரி. அப்பாடா!

ஊதித் தள்ளுவதானால் விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி ஊதவேண்டும். உள்ளிருந்து ஊதினால் பஞ்சு இன்னும் இறுகும்.